பிழைப் பதிவேட்டின் ஓட்டைகள்

பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் தேசிய தகவலியல் மையத்தின் தமிழ்நாடு மாநிலக் கிளை இருக்கிறது. அரசுத் துறைகளின் இணையதளங்கள், சேவைத் தளங்கள் பலவற்றுக்குப் பின்னால் நிற்கும் அமைப்பு அது. அரசுத் தளம் ஒன்று மக்கள் பார்வைக்கு வருமுன், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பட்டியலிட்ட தணிக்கை நிறுவனம் ஒன்று அதைச் சோதித்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. தணிக்கையாளர் தளத்துக்குள் புகுந்து பார்க்கிறார், ஓட்டைகளைக் கண்டுபிடிக்கிறார், அறிக்கை கொடுக்கிறார். அறிக்கையிலுள்ள ஓட்டைகள் அதன்பின் எங்கே போய் உட்காருகின்றன? எக்ஸல் தாளில் எழுதி மெயிலில் சுற்றவிடும் அணிகள் இன்னும் உண்டு. அரசானாலும் தனியாரானாலும் கொஞ்சம் ஒழுங்கான அணி என்றால் அவை ஒரு பக் டிராக்கரில் டிக்கெட்டுகளாகின்றன. எந்தப் பக்கத்தில், எந்தக் கட்டத்தில், எதை எழுதினால் அடுத்தவர் கணக்கு திறந்துகொள்ளும் என்பது அங்கே படிப்படியாக, ஸ்கிரீன்ஷாட்டோடு பதிவாகியிருக்கும். தளத்துக்குத் தணிக்கை நடந்தது. இந்தப் பதிவேட்டுக்கு நடந்ததா?

பக் டிராக்கரும் ஓர் இணையதளம்தான். அதற்கும் லாகின் பக்கம், தேடல் கட்டம், கோப்பு ஏற்றும் வசதி, அட்மின் பக்கம் எல்லாம் உண்டு. ஆகவே இணையதளங்களுக்கு வரும் எல்லா நோயும் அதற்கும் வரும். 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் டெரி வைஸ்மன் எழுதிய பக்சில்லா இந்த வகையில் மூத்தவற்றில் ஒன்று. முதலில் டிக்கிள் மொழியிலும் பிறகு பெர்ல் மொழியிலும் எழுதப்பட்டது. 2000-இல் மான்டிஸ், 2002-இல் ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் வெளியிட்ட ஜிரா, 2006-இல் ரெட்மைன் என்று வரிசை நீண்டது. சென்னையும் இந்தத் தொழிலில் பயனாளி மட்டுமல்ல, உற்பத்தியாளரும்கூட. ஸோஹோவின் பக் டிராக்கரும் அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸும் இங்கே எழுதப்பட்டவை. 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க்கும் அதே குடும்பம். வாடிக்கையாளர் புகாரை டிக்கெட்டாக்குவதும் நிரல் பிழையை டிக்கெட்டாக்குவதும் தொழில்நுட்பத்தில் ஒரே வேலைதான் என்பதால், இரண்டையும் சேர்த்தே இங்கே பார்க்கிறேன்.

இந்த மென்பொருளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வங்கித் தளம் முன்பின் தெரியாதவரை உள்ளே விட வேண்டியதில்லை. டிராக்கரோ முன்பின் தெரியாதவர் வந்து பிழை சொன்னால்தான் பயன்படும். அதே சமயம் வெளியே போகக்கூடாத பிழைகளும் அதே தரவுத்தளத்தில், சில சமயம் அடுத்தடுத்த எண்களில் இருக்கின்றன. ஒருவர் யார், அவர் எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் ஒரு மெல்லிய கோடுதான் நடுவே நிற்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பெயர்பெற்ற உடைப்புகளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்தக் கோட்டில்தான் நடந்திருக்கின்றன.

விரிவாகப் பார்க்க வேண்டியது பக்சில்லாவின் 2014-ஆம் ஆண்டுக் கதை. பக்சில்லாவில் கணக்குத் தொடங்க மெயில் முகவரி கொடுத்தால் போதும். அந்த முகவரிக்கு ஒரு லிங்க் வரும். அதைத் திறந்து பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் கணக்கு தயார். லிங்க் கைக்கு வந்ததே முகவரி அவருடையது என்பதற்குச் சாட்சி. இந்த ஏற்பாட்டை நம்பி நிர்வாகிகள் ஒரு வசதியைப் பரவலாகப் பயன்படுத்தினார்கள்: முகவரி நம் நிறுவனத்தின் பெயரில் முடிந்தால் அந்த ஆளை உள்வட்டக் குழுவில் தானாகவே சேர்த்துவிடு. புதிதாகச் சேர்ந்த ஊழியருக்கு யாரும் தனியாக அனுமதி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் அல்லவா?

அந்த நம்பிக்கை எங்கே அறுகிறது என்பதை அந்த ஆண்டு அக்டோபரில் இஸ்ரேலின் செக் பாயின்ட் நிறுவனத்து ஆய்வாளர் நெத்தானெல் ரூபின் காட்டினார். பெர்ல் மொழியில் படிவத்தின் ஒரு கட்டத்தில் வந்த மதிப்பைக் கேட்டால், கட்டம் ஒருமுறை வந்திருந்தால் ஒரு மதிப்பு கிடைக்கும். மூன்று முறை வந்திருந்தால் மூன்றும் வரிசையாகக் கிடைக்கும். கணக்கு உருவாக்கும் நிரலில் பக்சில்லா அந்த வரிசையை அப்படியே நுழைத்திருந்தது. தாக்குபவர் ‘உண்மைப் பெயர்’ என்ற கட்டத்தை மூன்று முறை அனுப்புவார்: முதலில் ஏதோ ஒரு பெயர், அடுத்ததில் லாகின் பெயரைக் குறிக்கும் உள்சொல், மூன்றாவதில் தனக்குச் சொந்தமில்லாத ஒரு மெயில் முகவரி. சரிபார்த்து வைத்த முகவரியின் மேலேயே புதிய முகவரி எழுதப்பட்டுவிடும். பக்சில்லாவைப் பராமரிக்கும் மொசில்லாவின் பெயரில் முடியும் முகவரியைப் போட்டால் உள்வட்டம் தானாகத் திறக்கும். ஓட்டைகளுக்கான பொதுப் பட்டியலில் சி.வி.இ.-2014-1572 என்று எண் பெற்ற இந்த ஓட்டை 2006-இல் வந்த 2.23.3 பதிப்பிலிருந்தே இருந்தது. எட்டு ஆண்டுகள், திறந்த மூலநிரல், உலகம் முழுக்கப் பயனாளிகள். யார் கண்ணிலும் படவில்லை. திருத்தமோ ஒரே சொல்: மதிப்பு ஒன்றுதான் வேண்டும் என்று பெர்லுக்குச் சொல்லும் ‘ஸ்கேலார்’.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதே ரூபின், இம்முறை பெரிமீட்டர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து, அதே இடத்துக்கு வேறு வழியில் வந்தார். 127 எழுத்துக்கு மேல் நீண்ட மெயில் முகவரியை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் சத்தமில்லாமல் வெட்டிவிடும். லிங்க் போவது தாக்குபவரின் நீண்ட முகவரிக்கு. கணக்கு உருவாவது வால் வெட்டப்பட்ட முகவரியில். எந்த இடத்தில் வெட்டு விழும் என்று எண்ணி எழுதினால், மிஞ்சும் பகுதி நிறுவனத்தின் பெயரில் முடியும். 4.2.15, 4.4.10, 5.0.1 பதிப்புகள் இதை அடைத்தன. இரண்டு திருத்தங்களிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகவரியின் வாலைப் பார்த்து ஆளை உள்ளே விடும் பழக்கத்தை இரண்டுமே தொடவில்லை. ஓட்டையின் வேர் நிரல் வரியைவிட அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

கூகுளின் உள்டிராக்கரில் 2017-இல் அலெக்ஸ் பிர்சன் கண்டது இதற்குத் துணைச் சாட்சி. கூகுள் டிராக்கரில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு மெயில் முகவரி உண்டு; அதற்கு மெயில் அனுப்பினால் அது அந்த டிக்கெட்டில் கருத்தாகப் பதிவாகும். முகவரி முடிவது கூகுளின் பெயரில். பிர்சன் ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, அதன் மெயிலை உறுதி செய்யுமுன் இந்த டிக்கெட் முகவரியாக மாற்றிக்கொண்டார். உறுதிப்படுத்தும் லிங்க் டிக்கெட்டின் பக்கத்திலேயே வந்து விழுந்தது! அதே ஆண்டில் பெல்ஜியத்தின் இன்டி டி கியூகெலேர் இந்த வித்தையைப் பல நிறுவனங்களின் உதவி மையங்களிலும் கிட்லேபிலும் செய்துகாட்டினார். நிறுவன மெயில் இருந்தால் யாரும் சேரலாம் என்று வைத்திருந்த ஸ்லாக் அறைகள் அவருக்குத் திறந்தன. மெயிலை டிக்கெட்டாக்கும் வசதி சென்னையில் விற்கப்படும் டிக்கெட் மென்பொருள்களிலும் உண்டு, வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பதும் அதைத்தான்.

பிர்சனுக்குக் கிடைத்தவற்றில் மிகப் பெரியது வேறு ஓட்டை. டிக்கெட்டின் அறிவிப்புப் பட்டியலிலிருந்து தன்னை நீக்கச் சொல்லி சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்பினால், அந்த டிக்கெட்டைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டா என்று சர்வர் பார்க்கவில்லை. பதிலோடு டிக்கெட்டின் முழு விவரத்தையும் சேர்த்து அனுப்பியது. கூகுள் அந்த வழியை ஒரு மணி நேரத்துக்குள் மூடியது. இவை உட்பட மூன்று கண்டுபிடிப்புகளுக்கும் சேர்த்து அவர் பெற்ற வெகுமதி சுமார் 15,600 டாலர். ‘பார்’ என்ற வழிக்குப் பூட்டுப் போட்டவர்கள் ‘நீக்கு’ என்ற வழியை மறந்துவிட்டார்கள். டெஸ்டிங் வேலையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை; உரிமைச் சோதனை எப்போதும் முதன்மைப் பாதையில்தான் நடக்கும்.

மான்டிஸின் 2017-ஆம் ஆண்டு ஓட்டையைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க மனம் வரவில்லை, அவ்வளவு எளிமையானது அது. பாஸ்வேர்டு மறந்தவருக்கு மெயிலில் வரும் லிங்கில் ஒரு ரகசியக் குறியீடு இருக்கும். அந்தக் குறியீட்டை வெறுமையாக விட்டுவிட்டு, பயனர் எண் 1 என்று மட்டும் எழுதினால் அட்மினின் பாஸ்வேர்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். 2.3.0 வரை இப்படி இருந்தது, 2.3.1-இல் திருத்தினார்கள். மான்டிஸை நிறுவும்போது வரும் முதல் அட்மின் கணக்கும் அதன் பாஸ்வேர்டும் ஆவணத்திலேயே அச்சாகியிருக்கின்றன. நிறுவியபின் மாற்றுங்கள், நிறுவல் கோப்புறையை நீக்குங்கள் என்று அதே ஆவணம் சொல்கிறது. இரண்டையும் செய்யாமல் விட்டவர்களுக்கு ஓட்டையே தேவையில்லை.

அடுத்தது, டிக்கெட்டுக்குள் எழுதப்படும் எழுத்தே ஆயுதமாவது. 2010 ஏப்ரலில் அப்பாச்சி அறக்கட்டளைக்கு நடந்ததை அவர்களே ஒளிவுமறைவின்றி வெளியிட்டார்கள். டிராக்கர் நடத்தும் எவரும் படிக்க வேண்டிய அறிக்கை அது. ஏப்ரல் 5 அன்று ஒருவர் அவர்களுடைய ஜிராவில் டிக்கெட் போட்டார்: சில புராஜெக்டுகளைப் பார்க்கும்போது இந்தப் பிழை வருகிறது என்று எழுதி, ஒரு சுருக்கிய லிங்க். பிழை சொல்பவர் லிங்க் கொடுப்பதும் நிர்வாகி அதைத் திறந்து பார்ப்பதும் அன்றாட வேலை. அந்த லிங்க் ஜிராவின் ஓர் ஓட்டை வழியாகத் திறந்தவரின் உலாவிக்குள் நிரலை ஓட்டி, லாகின் குக்கீயை எடுத்துக்கொண்டது. கூடவே பாஸ்வேர்டுகளை ஊகித்துத் தாக்கும் வேலையும் நடந்தது. மறுநாள் தாக்குபவர்கள் கையில் அட்மின் உரிமை இருந்தது.

அதன்பின் அவர்கள் செய்தவற்றில் திறமையைவிடப் பொறுமைதான் அதிகம். ஒரு புராஜெக்டின் அறிவிப்பு மெயில்களை நிறுத்தினார்கள். அட்டாச்மென்ட் சேமிக்கும் இடத்தை, நிரல் ஓடக்கூடிய கோப்புறைக்கு மாற்றி, தங்கள் நிரலை ‘அட்டாச்’ செய்தார்கள். ஏப்ரல் 9 அன்று, லாகின் செய்பவர்களின் பாஸ்வேர்டைப் பிடித்துவைக்கும் கோப்பொன்றை நிறுவிவிட்டு, அப்பாச்சி அணியினருக்கு ஜிராவிலிருந்தே பாஸ்வேர்டு மாற்ற மெயில் அனுப்பினார்கள். ஏதோ கோளாறு என்று நினைத்த அணியினர் தற்காலிகப் பாஸ்வேர்டில் நுழைந்து, வழக்கமான பாஸ்வேர்டையே திரும்ப வைத்தார்கள். அதில் ஒருவரின் பாஸ்வேர்டு, ஜிரா இயங்கிய சர்வரில் முழு உரிமையுள்ள கணக்கின் பாஸ்வேர்டாகவும் இருந்தது. சுமார் ஆறு மணி நேரத்தில் விழித்துக்கொண்டார்கள். இல்லாவிட்டால் எங்கே போய் முடிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. லிங்க் ஓட்டையை மட்டும் அடைத்திருந்தாலும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான் அறுந்திருக்கும். அட்டாச்மென்ட் இருக்கும் இடத்தில் நிரல் ஓடாதபடி செய்வது, டிராக்கருக்கும் சர்வருக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைப்பது ஆகிய இரண்டும் எந்தப் பேட்சிலும் வருவதில்லை.

இவை எல்லாம் மென்பொருளில் இருந்த ஓட்டைகள். மொசில்லாவுக்கு 2015-இல் நடந்ததில் மென்பொருளுக்குப் பங்கே இல்லை. ரகசியப் பிழைகளைப் பார்க்கும் உரிமையுள்ள ஒருவர் தன் பக்சில்லா பாஸ்வேர்டை வேறொரு தளத்திலும் பயன்படுத்தியிருந்தார். அந்தத் தளம் உடைந்தது. யாரோ அவர் பெயரில் உள்ளே வந்து படித்துக்கொண்டிருந்தார். 2014 செப்டம்பரிலிருந்து நுழைவு நடந்தது உறுதி, அதற்கும் ஓராண்டு முன்பே தொடங்கியதற்கான அறிகுறிகளும் உண்டு என்று மொசில்லா 2015 செப்டம்பர் 4 அன்று அறிவித்தது. பொதுப்பார்வைக்கு வராத 185 பிழைகள் பார்க்கப்பட்டன. அதில் கடுமையான பாதுகாப்புப் பிழைகள் 53. அவற்றில் 43 அந்த ஆள் பார்த்தபோதே ஃபயர்ஃபாக்ஸில் திருத்தப்பட்டிருந்தன. மிச்சம் பத்து. அந்தப் பத்தில் இரண்டு ஏழு நாளுக்குள் திருத்தப்பட்டன, ஐந்து 7 முதல் 36 நாளுக்குள். மற்ற மூன்றும் 131, 157, 335 நாட்கள் திறந்தே கிடந்தன. அப்படித் திறந்திருந்த ஒன்றைப் பயன்படுத்தி ரஷ்யச் செய்தித் தளம் ஒன்றின் விளம்பரம் வழியாக ஃபயர்ஃபாக்ஸ் பயனர்களின் கோப்புகள் திருடப்பட்டதாக மொசில்லா கருதியது. ஆகஸ்ட் 6 அன்று அந்தப் பிழை திருத்தப்பட்டது. உரிமையுள்ள கணக்குகள் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு மாற்றமும் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயமாயின.

இந்த எண்களை அடுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. திருடியவருக்கு 43 பிழைகள் வெறும் பழங்கதை. அவருக்கு உண்மையில் கிடைத்தது பத்து. அதிலும் 335 நாள் கிடந்த அந்த ஒன்று புதையல். டிராக்கர் உடைந்தால் எவ்வளவு சேதம் என்பதைப் பூட்டின் தரம் பாதிதான் தீர்மானிக்கிறது. உள்ளே திருத்தப்படாமல் கிடக்கும் ரகசிய டிக்கெட்டுகளின் வயது மறுபாதியைத் தீர்மானிக்கிறது. டிராக்கர் பாதுகாப்பு பற்றிய பேச்சில் பூட்டைப் பற்றியே பேசுகிறோம். வயதைக் கணக்கெடுப்பவர்கள் குறைவு. மைக்ரோசாஃப்டின் உள்ளகப் பிழைத் தரவுத்தளத்துக்குள் 2013-இல் ஒரு குழு புகுந்தது, ராய்ட்டர்ஸ் செய்தியாக வெளியே வந்தது 2017 அக்டோபரில். அந்த நான்காண்டுகளில் வெளியுலகம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்: புகுந்த நாளில் எத்தனை டிக்கெட்டுகள் திறந்திருந்தன, எவ்வளவு காலமாக?

ஓட்டையே இல்லாமல், உடைப்பே இல்லாமல் கசிவதும் உண்டு. இந்திய ஆய்வாளர் அவினாஷ் ஜெயின் 2019-இல் வெளியிட்டது அப்படிப்பட்டது. ஜிராவில் ஒரு தேடலையோ டாஷ்போர்டையோ பகிரும்போது ‘எல்லோருக்கும்’ என்று ஒரு தேர்வு இருந்தது. நிறுவனத்துக்குள் எல்லோருக்கும் என்று நினைத்து அதைத் தேர்ந்தார்கள். மென்பொருளுக்கு அது உலகத்தில் எல்லோருக்கும் என்று பொருள். நாசா உட்படப் பல அமைப்புகளின் ஊழியர் பெயர்கள், மெயில் முகவரிகள், புராஜெக்ட் விவரங்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. இதை அமைத்தவர் தவறு என்று தள்ளிவிடுவது எளிது. அத்தனை நிறுவனங்களில் அத்தனை பேர் ஒரே தவறைச் செய்தால், தவறு அந்தப் பொத்தானில்தான் என்பேன்.

டிக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வாடிக்கையாளர் கம்ப்ளெயின்ட் வந்தால் சப்போர்ட் அணி முதலில் கேட்பது லாக் கோப்பு. உலாவியின் போக்குவரத்து முழுவதையும் பதிந்து ஒரு கோப்பாக அனுப்பச் சொல்வார்கள். அதில் லாகின் குக்கீயும் இருக்கும் என்பது அனுப்புபவருக்குத் தெரியாது. 2023 அக்டோபரில், லாகின் சேவை தரும் ஆக்டா நிறுவனத்தின் சப்போர்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் எடுத்தது அப்படிப்பட்ட கோப்புகளைத்தான். அவற்றை வைத்து கிளவுட்ஃப்ளேர், பியாண்ட்டிரஸ்ட், 1பாஸ்வேர்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். அந்த உடைப்பில் பறிபோன சில சான்றுகளை கிளவுட்ஃப்ளேர் மாற்ற மறந்திருந்தது. அவற்றோடு நவம்பரில் அதன் ஜிராவுக்குள் ஒரு குழு வந்தது. இருந்த டிக்கெட்டுகள் 2,059,357. அவர்கள் திறந்தவை 36. பாஸ்வேர்டு சுழற்சி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் தாண்டுவது, முந்தைய உடைப்புக்குக் கிளவுட்ஃப்ளேர் எடுத்த நடவடிக்கை என்று தேடி, வேண்டியதை மட்டும் படித்தார்கள். டிராக்கரின் தேடல் வசதி நமக்குப் பயன்படுவதைவிட அவர்களுக்கு நன்றாகப் பயன்பட்டது.

இப்போது சென்னைக்கு வரலாம். கூடுவாஞ்சேரி அருகே வல்லாஞ்சேரியில் தலைமையகம் கொண்ட ஸோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸை வாடிக்கையாளர் தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளலாம். பதினொன்றாம் பதிப்பின் 11305 வரையிலான நிரல்களில், லாகினே இல்லாமல் சர்வருக்குள் கோப்பை ஏற்றி ஓட்டக்கூடிய ஓட்டை இருந்தது, சி.வி.இ.-2021-44077. அதை அடைத்த 11306 வெளிவந்தது 2021 செப்டம்பர் 16. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு முகமையும் சேர்ந்து எச்சரிக்கை விடுத்தது டிசம்பர் 2. அந்த நேரத்தில் பாலோ ஆல்டோ நிறுவனத்தின் ஆய்வணி கணக்கெடுத்தபோது, இணையத்தில் தெரிந்த சர்வர்கள் 4,700-க்கு மேல். அவற்றில் சுமார் 2,900 இன்னும் ஓட்டையோடு இருந்தன, அதாவது 62 சதவீதம். பேட்ச் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

எழுதியவர் பிழையா, நிறுவியவர் பிழையா என்று இங்கே பட்டிமன்றம் நடத்தலாம். நிரலை எழுதியவர்கள் செப்டம்பரிலேயே அடைத்துவிட்டார்கள் என்பது உண்மை. பேட்ச் வெளியான நாளே தாக்குபவர்களுக்கும் பாடம் தொடங்கும் நாள் என்பதும் உண்மை. பழைய நிரலையும் புதிய நிரலையும் அருகருகே வைத்தால் எந்த வரி மாறியது என்று தெரிந்துவிடும். இதே ஸோஹோவின் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் டிராக்கர் அல்ல, பாஸ்வேர்டு நிர்வாகக் கருவி; அதில் இருந்த சி.வி.இ.-2021-40539 ஓட்டைக்கும் பேட்ச் வந்தது 2021 செப்டம்பரில்தான். அதைப் போடத் தாமதித்த சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் சர்வருக்குள் நவம்பர் 9 அன்று தாக்குபவர்கள் நுழைந்தார்கள். தெரியவந்தது 2022 ஜனவரி 18. போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல் போனவர்கள் என 5,15,000-க்கு மேற்பட்டவர்களின் விவரம் அதில் இருந்தது.

2022-இல் வந்த சி.வி.இ.-2022-47966 இன்னொரு பாடம். சர்வீஸ்டெஸ்க் பிளஸ் உட்பட மேனேஜ்எஞ்சினின் இருபதுக்கும் மேற்பட்ட தயாரிப்புகளை ஒரே நேரத்தில் பாதித்தது அது. ஓட்டை ஸோஹோவின் சொந்த நிரலில் இல்லை. ஒற்றை லாகின் வசதிக்காகச் சேர்த்திருந்த அப்பாச்சி சான்டுவாரியோ என்ற நூலகத்தின் மிகப் பழைய 1.4.1 பதிப்பில் இருந்தது. வியட்நாமின் வியட்டெல் நிறுவன ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னார். 2022 அக்டோபர் இறுதியிலிருந்து பேட்ச்கள் வந்தன. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஒரு வானூர்தித் துறை நிறுவனத்துக்குள் இதன் வழியாகவே புகுந்தார்கள் என்று அந்நாட்டு முகமைகள் செப்டம்பரில் வெளியிட்டன. ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பில் 2013 ஜனவரியில் வந்த பெரிய ஓட்டை, அதன்மேல் கட்டப்பட்ட ரெட்மைனை நிறுவியவர்களையெல்லாம் ஓடவிட்டதும் இதே காரணத்தால்தான். நம் நிரலை எத்தனை முறை தணிக்கை செய்தாலும், நாம் எழுதாத நிரலின் வயதையும் யாராவது கவனிக்க வேண்டியிருக்கிறது.

பெசன்ட் நகரிலும் அடையாறிலும் வீட்டு மாடிகளில் பத்துப் பேர் வைத்து நடக்கும் மென்பொருள் கடைகளுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். அவர்களிடம்தான் பழைய மான்டிஸும் ரெட்மைனும் உயிரோடு இருக்கும் வாய்ப்பு அதிகம். எப்போதோ ஒரு டெவலப்பர் வாடகைச் சர்வர் எடுத்து நிறுவியிருப்பார். அவர் வேலை மாறிப் போயிருப்பார். வேலை நடக்கிறவரை அதை யாரும் தொடமாட்டார்கள். அப்படிப்பட்ட கடைக்கு, தானே பேட்ச் போட்டுக்கொள்ளும் மாதச் சந்தா சேவைக்கு மாறுவதே மேல் என்று நினைக்கிறேன், திறந்த மூலநிரலின் மேல் எனக்குப் பற்று இருந்தாலும். பேட்ச் போட ஆள் இருக்கிற இடத்தில் பக்சில்லாவுக்கு ஒரு குறையும் இல்லை.

பெரிய கடைகளில் வேறு சிக்கல். வாடிக்கையாளர் அயல்நாட்டில், டெஸ்டிங் ஓ.எம்.ஆரில், டிராக்கர் வாடிக்கையாளருடையது. புராஜெக்ட் முடிந்து ஆள் வெளியேறியபின் அந்த லாகின் யாருடைய பொறுப்பு? இரு பக்கமும் மற்றவர் மூடிவிட்டார் என்று நினைக்கும்வரை அந்தக் கணக்கு உயிரோடுதான் இருக்கும்.

சட்டத்தின் பக்கம் வந்தால், உடைப்பு தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வாடிக்கையாளரின் பெயரும் போன் எண்ணும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டுகள் நிறைந்த டிராக்கரும் அந்தச் சட்டத்தின் பார்வையில் ஒரு தரவுக் கிடங்குதான். ஓட்டையைக் கண்டு சொல்பவருக்கோ பாதுகாப்பு சரியாக இல்லை. அனுமதியின்றி அணுகுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இழப்பீடு கொடுக்க வேண்டிய மீறல். நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு சிறை வரை போகலாம். நல்லெண்ணத்தோடு சோதித்தவருக்கு வெளிப்படையான விலக்கு சட்டத்தில் இல்லை. சென்னையின் லட்சுமண் முத்தையா 2019-இல் இன்ஸ்டாகிராமின் பாஸ்வேர்டு மீட்பு வழியில் இருந்த ஓட்டையைச் சொல்லி 30,000 டாலர் பெற்றார். உள்ளூர்த் தளம் ஒன்றில் அதே ஓட்டையைக் கண்டால் இங்குள்ள இளைஞர் ஒருவர் யாருக்கு எழுதுவார்? செர்ட்-இன் வழியாகச் சொல்லலாம்; பலர் பேசாமல் இருந்துவிடுவார்கள்.

2002-இல் தொடங்கப்பட்டு, தரமணியில் இயங்கும் செட்ஸ் போன்ற ஆய்வு அமைப்புகளும் ஐ.ஐ.டி.யும் பெசன்ட் நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கின்றன. ஆக, ஊரில் அறிவுக்குப் பஞ்சமில்லை. தணிக்கை ஆணையில் தளத்தின் முகவரியோடு அதன் டிராக்கரின் முகவரியையும் எழுதுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. எழுதுபவருக்குத் தோன்றினால் போதும். பாதுகாப்பு டிக்கெட்டுகளின் சராசரி வயதை மாதம் ஒருமுறை அணித்தலைவர் பார்க்கும்படி செய்வதும் அப்படியே. ஏறக்குறைய எல்லா டிராக்கரிலும் அதற்கு அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. 90 நாளைத் தாண்டிய ரகசிய டிக்கெட்டுக்கு, ஏன் இன்னும் மூடவில்லை என்று ஒருவர் பெயர்போட்டுப் பதில் எழுத வேண்டும். மூடிய டிக்கெட்டுகளிலிருந்து லாக் கோப்புகளை அழிக்க வேண்டும். இவை எல்லாம் எந்தப் பேட்சையும்விட மலிவு.

வெளியாள் எழுதுவதற்கான முகவரியைப் பொறுத்தவரை, தளத்தின் ‘.well-known’ கோப்புறையில் ‘செக்யூரிட்டி டாட் டிஎக்ஸ்டி’ என்ற சிறு கோப்பில் அதை எழுதிவைக்கும் முறை 2022 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 9116 என்ற ஆவணமாக வெளிவந்துவிட்டது. இரண்டு வரி போதும். அந்த முகவரிக்கு வரும் மெயில் தானாகவே டிக்கெட்டாகும்படி அமைப்பவர்கள் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்: வந்த டிக்கெட் பொதுப் பிரிவில் விழுந்து, அதன்பின் யாராவது பார்த்து ரகசியமாக்கும் ஏற்பாடாக இருக்கக்கூடாது. வரும்போதே ரகசியமாக வந்து, திருத்திய பிறகு யாராவது பொதுவாக்கும் ஏற்பாடாக இருக்க வேண்டும்.